கஞ்சமலையில் எவ்வளவு இரும்பு?

சேலத்துக்குத் தென்மேற்கே, சித்தர்கோயிலை ஒட்டி எழும் கஞ்சமலையைப் பற்றி மூன்று தலைமுறையாக ஒரு பேச்சு இருக்கிறது: மலை முழுக்க இரும்பு, எடுக்கத்தான் ஆளில்லை. தேர்தல் மேடையிலும் பள்ளிப் பாடத்திலும் டீக்கடையிலும் இதைக் கேட்கலாம். பேச்சு பொய்யில்லை. மலையில் இரும்பு இருக்கிறது. ஆனால் மலையில் இருக்கும் இரும்பு எவ்வளவு, அதில் நாம் எடுத்து உருக்கக்கூடியது எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளும் இந்தப் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிட்டன. இருநூறு ஆண்டுகளாகச் சேலத்துத் தாதை நம்பி இறங்கியவர்கள் தடுமாறியது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

முதலில் கல்லைப் பார்ப்போம். கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலை, கொல்லிமலையின் சில பகுதிகள், திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள கவுத்திமலை, வேடியப்பன்மலை ஆகிய இடங்களில் கிடைப்பது மேக்னடைட் என்னும் காந்தத் தாது. கறுப்பு மேக்னடைட்டும் வெளுத்த குவார்ட்ஸும் வரிவரியாக மாறிமாறிப் படிந்த பாறை இது. ஆர்க்கியன் காலத்தில், அதாவது 250 கோடி ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் அப்பாலோ, கடலடியில் படிந்து, பின்னர் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பாறை. இதில் ஏறக்குறைய பாதி குவார்ட்ஸ். இரும்பின் பங்கு 35 சதவீதத்தை ஒட்டி வரும். சில இடங்களில் 40-ஐத் தொடும்.

ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் பெல்லாரி–ஹொசபேட்டிலும் வெட்டுவது ஹெமடைட். நல்ல ஹெமடைட் தாதில் இரும்பு 60 முதல் 65 சதவீதம். வெட்டி, உடைத்து, சலித்து நேராக உலைக்கு அனுப்பலாம். சேலத்துக் கல்லை அப்படி அனுப்ப முடியாது. ஆனால் இந்தச் சதவீதத்தை மட்டும் வைத்து அதை மட்டமான தாது என்று தள்ளுவதும் அவசர முடிவு. தரம் என்பது இரும்பின் அளவு மட்டும் இல்லை. உடன் வரும் அழுக்கு என்ன, அது எளிதில் பிரியுமா என்பதும் தரம்தான். இந்திய ஹெமடைட்டின் பெரிய தலைவலி அலுமினா. அது உலைக்கசடைக் கெட்டியாக்கி எரிபொருளைத் தின்னும்; தாதோடு நுண்மையாகப் பின்னிக் கிடப்பதால் பிரிப்பதும் கடினம். சேலத்துத் தாதில் அலுமினாவும் பாஸ்பரஸும் குறைவு. முக்கிய அழுக்கான குவார்ட்ஸை, கல்லைப் பொடித்துவிட்டால் காந்தமே பிரித்துத் தந்துவிடும். உருமாற்றத்தின்போது மணிகள் பெரிதாக வளர்ந்திருப்பதால் மாவாக அரைக்க வேண்டியதுமில்லை. தூய மேக்னடைட்டில் இரும்பு 72.4 சதவீதம், தூய ஹெமடைட்டில் 70-க்குச் சற்றுக் கீழே. ஆக, சேலத்துக் கல் ஏழைக் கல்தான். ஆனால் அதிலிருந்து மிகச் சுத்தமான தாதை எடுக்க முடியும்.

இதை முதலில் கண்டுகொண்டவர்கள் ஊர்ப்புறத்து உருக்குநர்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 2172 வரை காலம் கணிக்கப்பட்டதைத் தமிழ்நாடு அரசு 2022-ல் அறிவித்தது. கொடுமணலில் உலைகள் கிடைத்திருக்கின்றன. மேல்சிறுவளூரில் மூசையில் எஃகு வார்த்த தடயங்களைச் சாரதா சீனிவாசன் ஆய்ந்து எழுதியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை சேலம் வட்டாரத்தில் ஆளுயரத்தைத் தாண்டாத மண் உலைகளும் ஆட்டுத்தோல் துருத்திகளும் வேலை செய்தன. மலையடிவாரத்தில் உதிர்ந்து கிடந்த கல்லைப் பொறுக்கிவந்து, இடித்து, முறத்தில் புடைத்தோ ஓடும் நீரில் அலசியோ கனமான கறுப்புப் பொடியைத் தனியே எடுத்தார்கள். மழைக்குப் பின் ஓடைகளில் ஒதுங்கும் கருமணலையும் அள்ளினார்கள். அங்கே இடிக்கும் வேலையை ஓடையே முடித்து வைத்திருக்கும். மேக்னடைட்டின் எடை குவார்ட்ஸைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால் முறமே போதுமானதாக இருந்தது.

இந்தப் புடைத்தல் வெறும் சுத்தத்துக்காக இல்லை. சுண்ணாம்பு சேர்க்காத மண் உலையில் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா, இரும்போடு சேர்ந்துதான் கசடாக உருகி ஓடும். வேதியியல் கணக்குப்படி ஒரு கிலோ சிலிக்கா சுமார் 1.9 கிலோ இரும்பை இழுத்துக்கொண்டு போகும். புடைக்காத நூறு கிலோ சேலத்துக் கல்லில் குவார்ட்ஸ் ஐம்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரும்பு 35 கிலோதான். அப்படியே உலையில் கொட்டினால் இருக்கும் இரும்பு முழுவதும் கசடாகப் போயும் சிலிக்காவின் பசி தீராது. நூறு கிலோ கல்லிலிருந்து கைப்பிடி இரும்புகூட வராது. முறத்தைக் கையில் எடுத்த பெண்ணும் ஆணும் இந்தச் சமன்பாட்டை எழுதியதில்லை; ஆனால் அதன் விடையை நன்றாக அறிந்திருந்தார்கள். தாதின் தரத்தை உயர்த்துவது என்று இன்றைய சுரங்கப் பொறியியல் சொல்லும் வேலையின் மூலவடிவம் இது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அந்தக் கலைக்கு நம் தொழில் வரலாற்றில் இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை. இப்படி எடுத்த இரும்பை ஆவாரங்கட்டையோடு மூசையில் வைத்து, எருக்கிலை மூடி, மண் பூசிச் சூடேற்றி வார்த்த எஃகுதான் உலகம் வியந்த உட்ஸ்.

அவர்களுக்கு இருப்பு எவ்வளவு என்ற கேள்வியே எழவில்லை. அடிவாரத்து உதிரிக்கல்லே பல தலைமுறைக்குப் போதும். அவர்களைக் கட்டுப்படுத்தியது கரி.

அதே கரிதான் ஜோசையா மார்ஷல் ஹீத்தையும் வீழ்த்தியது. கிழக்கிந்தியக் கம்பெனியில் அதிகாரியாக இருந்த ஹீத், சேலத்து எஃகில் மயங்கி வேலையை விட்டுவிட்டு 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஊதுலை ஆலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து பரிசலில் ஏறிக் காவிரி, கொள்ளிடம் வழியாகக் கடற்கரைக்கு வந்தது. உற்பத்தியான இரும்பு நன்றாகவே இருந்தது, ஷெஃபீல்டுக்குப் போனது, 1850-ல் திறந்த பிரிட்டானியா பாலத்தில் பயன்பட்டதாகவும் பதிவு உண்டு. ஆனால் ஊதுலையின் பசிக்குச் சுற்றுவட்டாரக் காடு ஈடுகொடுக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் விறகு இன்னும் தொலைவிலிருந்து வந்தது. கரியின் விலை ஏறியது. கடன்மேல் கடன் வாங்கியும் ஹீத்தால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வேறு கைகளுக்கு மாறிய நிறுவனமும் 1860-களில் ஓய்ந்தது. இந்த ஆலை தாதுப் பஞ்சத்தால் மூடப்படவில்லை. உலைக்குப் போடும் கரி கட்டுப்படியாகாமல் மூடப்பட்டது. சேலத்து இரும்பைப் பற்றிப் பேசும் எவரும் மறக்கக்கூடாத செய்தி இது.

ஆலை ஓய்ந்த காலத்தில்தான் அளவெடுப்பு தொடங்கியது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் 1864-ல் சேலம், திருச்சி பகுதிகளின் பாறை அமைப்பை விவரித்து, காந்தத் தாதுப் படுகைகளை வட்டாரம் வாரியாகப் பிரித்தார்கள். தாமஸ் ஹாலண்ட் 1892-ல் சேலத்து இரும்பைப் பற்றித் தனி அறிக்கை தந்தார். பின்னாளில் ஆய்வுத்துறையின் முதல் இந்திய இயக்குநரான எம்.எஸ். கிருஷ்ணன் 1940-களில் இந்தப் படுகைகளை மறுபடி அளந்தார். பாறை உரித்தமாதிரி வெளியே தெரிவதால் வரைபடம் போடுவது எளிது. கஞ்சமலை ஓடத்தின் அடிபோல் மடிந்த அமைப்பு. தாதுப் பட்டைகள் மலையைச் சுற்றி வளைய வருவதை நடந்தே தொடரலாம்.

நடந்து தொடர்வது நீளத்தைத் தரும், அகலத்தை ஓரளவு தரும், ஆழத்தைத் தராது. ஒரு கிலோமீட்டர் நீளம், 20 மீட்டர் தடிமன் உள்ள பட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 50 மீட்டர் ஆழம் வரை போகிறது என்று கொண்டால் பத்து லட்சம் கனமீட்டர். கனமீட்டருக்கு மூன்றரை டன் வீதம் 35 லட்சம் டன். ஆழம் நூறு மீட்டர் என்று கொண்டால் 70 லட்சம். மலை மாறவில்லை, தாளில் ஓர் எண் மாறியது, இருப்பு இரட்டித்தது. துளையிட்டுப் பார்க்காத வரை ஆழம் அனுமானம்தான். பழைய மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இந்த அனுமானமே.

அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. ஹெமடைட்டுக்கு மொத்த இரும்புச் சதவீதம் ஓரளவு போதிய அளவுகோல். காந்தத் தாதுக்கு அது போதாது. சேலத்துப் பாறையில் உள்ள இரும்பு அனைத்தும் மேக்னடைட்டில் இல்லை. ஒரு பகுதி பைராக்சீன், ஆம்பிபோல் போன்ற சிலிக்கேட் கனிமங்களுக்குள் சிறைப்பட்டிருக்கிறது. காந்தம் அதைப் பிடித்துத் தராது. மேற்பரப்பில் வெயிலும் மழையும் பட்ட மேக்னடைட் ஹெமடைட்டாக மாறியிருக்கும்; அதையும் மென்காந்தம் விட்டுவிடும். ஆனால் வேதியியல் சோதனைக்கூடம் எல்லாவற்றையும் கூட்டி 35 என்று எழுதிவிடும். அதனால்தான் காந்தத் தாதுக்கு டேவிஸ் குழாய் என்ற சோதனையைச் செய்கிறார்கள். குறித்த நுண்மைக்கு அரைத்த பொடியைக் காந்தங்களுக்கு நடுவே சாய்த்து வைத்த கண்ணாடிக் குழாயில் நீரோடு ஆட்டினால், உண்மையில் பிடிபடும் பங்கு எவ்வளவு என்று தெரியும். நூறு டன் கல்லுக்கு எத்தனை டன் செறிவுத் தாது என்ற அந்த எண்ணே இங்கே தரத்தின் உண்மையான அளவு. அடிவாரத்து உதிரிக்கல்லைச் சோதித்து மலையின் தரத்தைச் சொல்லும் பழக்கத்தையும் விட வேண்டும். சிலிக்கா கரைந்துபோன உதிரிக்கல் உள்ளிருக்கும் பாறையைவிடச் செழிப்பாகத் தெரியும்.

இது ஏட்டுக் கவலை இல்லை என்பதற்குக் கர்நாடகத்தின் குதுரேமுக் சாட்சி. ஈரான் மன்னர் அரசின் கடனுதவி வாக்குறுதியோடு 1976-ல் உருவான பொதுத்துறை நிறுவனம் அது. அங்கேயும் 38 சதவீத அளவிலான காந்தத் தாது. ஆலையின் திட்டப்படி ஆண்டுக்கு 226 லட்சம் டன் கல் வெட்டி 75 லட்சம் டன் செறிவுத் தாது எடுக்க வேண்டும். அதில் இரும்பு 67 சதவீதம். கூழாகக் கரைத்து 67 கிலோமீட்டர் குழாயில் மங்களூருக்கு அனுப்பினார்கள். 38 சதவீதக் கல்லிலிருந்து 67 சதவீதத் தாது எடுக்க, இழப்பே இல்லையென்றால் டன்னுக்கு 1.8 டன் கல் போதும். அங்கே தேவைப்பட்டது மூன்று டன். மிச்ச இரும்பு கழிவுச் சேறாக லக்யா அணைக்குள் போனது. தாதின் தரம் பற்றிய ஒற்றைச் சதவீதம் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியவில்லை. 1979-ல் ஈரானில் புரட்சி வந்ததும், தாதை வாங்குவதாகச் சொன்ன மன்னர் அரசும் இல்லாமல் போனது. துங்கா, பத்ரா, நேத்ராவதி பிறக்கும் காடு அது. உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பளித்து, 2005 முடிவோடு சுரங்கத்தை நிறுத்தச் சொன்னது. மண்ணுக்குள் தாது இன்னும் இருக்கிறது. கணக்கில் அது இருப்பாக இல்லை.

தமிழ்நாட்டின் கதை சேலம் இரும்பாலையில் வந்து நிற்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கிடைத்ததும், ஹீத்துக்குக் கிடைக்காத எரிபொருள் நமக்குக் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை பிறந்தது. சேலத்துத் தாதும் நெய்வேலிக் கரியும் சேர்ந்தால் உருக்கு வருமா என்று ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வகம் வரை சோதனைகள் நடந்தன. அண்ணா முதல்வரான 1967-லேயே இரும்பாலைக்காக எழுச்சி நாள் கொண்டாடினார்கள். 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981-ல் ஆலை இயங்கத் தொடங்கியபோது அது வெளியிலிருந்து வந்த துருப்பிடிக்காத எஃகைத் தகடாக உருட்டும் ஆலையாக இருந்தது. கஞ்சமலைக்குப் பக்கத்திலேயே நிற்கும் ஆலைக்குக் கஞ்சமலைக் கல் தேவைப்படவில்லை. இதைத் துரோகம் என்று சொல்லும் வழக்கம் உண்டு. தில்லியின் தயக்கமும் தாமதமும் உண்மைதான். ஆனால் நெய்வேலிக் கரியில் ஈரம் மிகுதி. கட்டியாக நின்று ஊதுலையின் சுமையைத் தாங்கும் கோக் அதிலிருந்து எளிதில் வராது. தாதையும் அரைத்து, பிரித்து, உருண்டையாக்கிச் சுட வேண்டும். மறுபக்கம் பெல்லாரியில் 65 சதவீத ஹெமடைட் மலையாகக் குவிந்திருந்தது. பின்னாளில் மேச்சேரி அருகே பொட்டனேரியில் எழுந்த தனியார் உருக்காலையும் தாதுக்குக் கர்நாடகத்தையே நம்பியது. என் மதிப்பீட்டில், இரும்பாலையை மாற்றியதில் அரசியலின் பங்கு பாதி. மறுபாதி கல்லின் கணக்கு.

இப்போது தேசியக் கணக்கைப் பார்க்கலாம். 2015 ஏப்ரல் நிலவரப்படி இந்திய சுரங்கத் துறைப் பட்டியலில் ஹெமடைட் சுமார் 2,249 கோடி டன். அதில் வெட்டி எடுக்கத்தக்க இருப்பு என்று ஒப்புக்கொண்டது 542 கோடி டன். மேக்னடைட் சுமார் 1,079 கோடி டன். அதில் இருப்பு வெறும் 5.3 கோடி டன். இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எல்லாம் எஞ்சிய வளம் என்ற பத்தியில் கிடக்கிறது. காரணங்கள் இரண்டு: பெரும்பகுதி கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் இருக்கிறது; மற்றதில் பலவற்றுக்குத் துளைப்பு ஆய்வோ செலவுக் கணக்கோ முடியவில்லை. தமிழ்நாட்டின் பங்கு ஐந்து சதவீத அளவு, சுமார் 50 கோடி டன். ஏறக்குறைய முழுவதும் அந்த எஞ்சிய வளப் பத்தியில்தான்.

50 கோடி என்றால் காதுக்குப் பெரிதாக ஒலிக்கும். கொஞ்சம் வகுத்துப் பார்க்கிறேன். நல்ல மீட்பு கிடைத்தால் இரண்டு டன் கல்லுக்கு ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவான செறிவுத் தாது. மொத்தம் 24 கோடி டன். குதுரேமுக் விகிதம் என்றால் 17 கோடி டன்னுக்குள். 2023-24-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியா வெட்டிய இரும்புத் தாது சுமார் 27.7 கோடி டன். ஆக, கஞ்சமலை முதல் கவுத்திமலை வரை எல்லா மலைகளையும் அடியோடு வெட்டி எடுத்தாலும் நாட்டின் ஓராண்டுத் தாதுக்கு ஈடாகாது. இந்த எண்ணை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

2000-களின் நடுவில் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் ஜிண்டால் குழுமமும் சேர்ந்து டிம்கோ என்ற கூட்டு நிறுவனத்தின் வழியே கஞ்சமலையையும் கவுத்தி, வேடியப்பன் மலைகளையும் வெட்டத் திட்டமிட்டபோது, எதிர்ப்பு எழுந்தது இந்தக் கணக்கிலிருந்து இல்லை. திருவண்ணாமலைப் பக்கம் சுமார் 325 ஹெக்டேர் காப்புக்காடு போகும் என்றதும் அடிவாரத்துக் கிராமங்கள் திரண்டன. அங்கே வேடியப்பன் கோயில் இருக்கிறது, ஆடுமாடு மேய்கிறது, மலையிலிருந்து இறங்கும் நீரில் ஏரிகள் நிறைகின்றன. கஞ்சமலையில் சித்தர்கோயிலும் மூலிகைக் காடும் பேசுபொருளாயின. சுரங்கம் தொடங்கவில்லை. எதிர்த்தவர்கள் வளர்ச்சிக்குத் தடை என்று அன்று சிலர் எழுதினார்கள். எத்தனை ஆண்டு ஓடும் சுரங்கத்துக்காக எவ்வளவு காடு என்று கேட்பது வளர்ச்சிக்கு எதிரான கேள்வி இல்லை. சுரங்கத் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய கேள்வி.

இத்தனைக்குப் பிறகும் சேலத்துத் தாதை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உருக்குத் தொழில் மாறிவருகிறது. கோக் இல்லாமல் ஹைட்ரஜனாலோ எரிவாயுவாலோ தாதை நேரடியாக ஒடுக்கி, மின் உலையில் உருக்கும் முறைக்கு 67 சதவீதம் தொடும், சிலிக்காவும் அலுமினாவும் மிகக் குறைந்த தாது வேண்டும். பெல்லாரித் தாதை அந்தத் தரத்துக்கு ஏற்றுவது சிரமம். காந்தத் தாதுக்கு அது இயல்பாக வரும். உருண்டையாக்கிச் சுடும்போது மேக்னடைட் ஆக்சிஜனேற்றமாகித் தானே வெப்பத்தை வெளிவிடுவதால் எரிபொருளும் மிச்சமாகும். ஹீத்தை வீழ்த்திய கரிப் பிரச்சினை இங்கே பாதி மறைந்துவிடுகிறது. அதே சமயம், ஆஸ்திரேலியாவின் கேப் பிரஸ்டனில் சீன நிறுவனம் தொடங்கிய சினோ அயர்ன் திட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கேயும் காந்தத் தாது; ஆண்டுக்கணக்கில் தாமதமாகி 2013 இறுதியில்தான் முதல் கப்பல் புறப்பட்டது; செலவு முதல் மதிப்பீட்டைப் போலப் பல மடங்கு ஆனது. கடினப் பாறையை அரைக்கும் ஆலை சிறு முதலீட்டில் வராது.

சேலத்துக்கு இன்னொரு தடை தனியாக இருக்கிறது: தண்ணீர். ஈரமுறைக் காந்தப் பிரிப்பு நீரில்தான் நடக்கும். எடுத்த நீரில் பெரும்பகுதியைத் திரும்பப் பயன்படுத்தினாலும் கழிவுச் சேறோடு ஒரு பங்கு போய்க்கொண்டே இருக்கும். ஒரு டன் தாதுக்கு ஒரு டன்னுக்கு மேல் நுண்மணல் கழிவு சேரும். அதை எங்கே கொட்டுவது, காற்றில் பறக்காமலும் கிணற்றில் இறங்காமலும் யார் காப்பது? கஞ்சமலையைச் சுற்றி நெசவும் விவசாயமும் கலந்த நெருக்கமான ஊர்கள். மேட்டூர் தண்ணீருக்குக் காவிரிப் படுகை ஏற்கெனவே உரிமை கொண்டிருக்கிறது. அதனால் அரசு செய்ய வேண்டியது புதிய ஏல அறிவிப்பு இல்லை. மலைவாரியாக எத்தனை துளை போட்டார்கள், எந்த ஆழம் வரை பாறை தொடர்கிறது, டேவிஸ் குழாயில் எத்தனை சதவீதம் தேறியது, மேலே எவ்வளவு காடு, ஒரு டன்னுக்கு எத்தனை லிட்டர் நீர் என்ற ஐந்து விவரங்களையும் தமிழில் அச்சிட்டு அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும். துளைப்பில் எடுத்த பாறை மாதிரிகளையும் அதே மாவட்டத்தில், கல்லூரி மாணவர்கள் பார்க்கும்படி, பாதுகாக்க வேண்டும். ஏலம் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம்.